மருத்துவ உளவியல் முனைவர் படிப்பு: மாற்று வழியை எப்போது, எதைக் கொண்டு தேர்வது

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மருத்துவ உளவியல் முனைவர் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்கு மாற்று வழி ஒன்று வேண்டும் என்பதில் இத்துறையினரிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்த வழியை எப்போது தேர்வது, எந்த அளவுகோலைக் கொண்டு தேர்வது என்பதில்தான் அறிவுரைகள் பிரிகின்றன. மனநோய்களைக் கண்டறிதல், சோதனைகளால் அளத்தல், பேச்சுவழிச் சிகிச்சையால் தணித்தல், அவற்றின் காரணங்களை ஆராய்தல் ஆகிய நான்கையும் தன்னுள் அடக்கிய இத்துறையில், பல்கலைக்கழகப் பிஎச்.டி. படிப்பு ஒன்றுக்குச் சில நூறு விண்ணப்பங்கள் வருவது வழக்கம். சேர்த்துக்கொள்ளப்படுவோரோ பெரும்பாலும் ஐந்திலிருந்து பத்துப் பேர்தான். இப்படிப்புகளில் சேர்வோருக்குக் கல்விக் கட்டணம் விலக்கப்படுவதோடு, கற்பித்தலிலும் ஆய்விலும் உதவுவதற்கு ஈடாக உதவித்தொகையும் தரப்படுவதால், ஒரு மாணவரைச் சேர்ப்பது ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்கான செலவை ஏற்பதாக அமைகிறது. இடங்கள் இவ்வளவு அருகியிருப்பதற்கு அதுவே முதற்காரணம். சேர்க்கைக் குழுவில் அமர்ந்து விண்ணப்பங்களைப் படித்தும், முதுகலைப் பட்டத்தோடு பணிபுரியும் சிகிச்சையாளர்களோடு ஒரே மருத்துவமனையில் பழகியும் பெற்ற அனுபவமே இக்கட்டுரையின் அடிப்படை. இரு பக்கத்தையும் அருகிருந்து பார்த்தவர்களுக்கு, முனைவர் படிப்பில் இடம் கிடைக்காதவர்களைக் காட்டிலும், கிடைக்காத அவசரத்தில் பொருந்தாத மாற்று ஒன்றைப் பற்றிக்கொண்டவர்களே மிகுதியாக இடர்ப்பட்டவர்களாகத் தெரிகிறார்கள்.

விண்ணப்பம் எவ்வாறு படிக்கப்படுகிறது என்பதை அறிந்தால்தான் நிராகரிப்புக்கு என்ன பொருள் என்பது விளங்கும். பெரும்பாலான பிஎச்.டி. படிப்புகளில் மாணவர் பெயரளவில் துறைக்கு விண்ணப்பித்தாலும், நடைமுறையில் குறிப்பிட்ட ஒரு பேராசிரியரின் ஆய்வகத்துக்கே விண்ணப்பிக்கிறார். நெறியாளர் முறை எனப்படும் இந்த ஏற்பாட்டில், பதின்பருவத்தினரின் தற்கொலை எண்ணங்களை ஆராயும் பேராசிரியர் ஒருவரின் பெயரைக் குறித்துப் பல பத்து விண்ணப்பங்கள் வந்தாலும் அவ்வாண்டில் அவர் எடுத்துக்கொள்ளப் போவது ஒரே ஒரு மாணவரையே. டிசம்பர் முதல் தேதியை ஒட்டிக் கெடு முடிந்ததும் தொடங்கும் முதல் வாசிப்பில் மதிப்பெண்ணும் ஆய்வனுபவமும் பார்க்கப்படுகின்றன, ஜி.ஆர்.ஈ. என்னும் பொது நுழைவுத் தேர்வைப் பல துறைகள் கைவிட்டுவிட்டதால் அனுபவத்தின் எடை முன்பைவிடக் கூடியிருக்கிறது. இரண்டாம் வாசிப்பில் நோக்க அறிக்கை, அதாவது மாணவர் தம் ஆய்வு ஆர்வத்தையும் தகுதியையும் விளக்கி எழுதும் ஓரிரு பக்கக் கட்டுரை, வரிவரியாகப் பார்க்கப்படுகிறது. மனநலத்தின் மீது தமக்குள்ள ஈடுபாட்டை உருக்கமாக எழுதியவர் அங்கே பின்தங்க, எந்தக் கேள்வியை, எந்த முறையால், ஏன் இந்த ஆய்வகத்தில் ஆராய வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் முன்னேறுகிறார். ஜனவரியிலும் பிப்ரவரியிலும் நடக்கும் நேர்காணலுக்கு நான்கைந்து பேர் அழைக்கப்பட்டு, அவர்களுள் ஒருவர் தேர்வானதும், மற்றவர்களிடம் சுட்டிக்காட்டத்தக்க குறை எதுவும் இல்லாமலே அவர்களுக்கு அந்தக் கதவு மூடிவிடுகிறது.

கதவு மூடுவதற்கு மாணவரோடு தொடர்பே இல்லாத காரணங்களும் உண்டு. பேராசிரியரின் ஆய்வு நிதி புதுப்பிக்கப்படாமல் போகலாம். அவர் ஓராண்டு விடுப்பில் செல்லலாம். சென்ற ஆண்டு எதிர்பாராமல் இருவரைச் சேர்த்துவிட்டதால் இவ்வாண்டு ஒருவரும் வேண்டாம் என்று துறை முடிவெடுத்திருக்கலாம். என்.ஐ.எச். என்னும் தேசிய சுகாதார நிறுவனங்களின் ஆய்வு நிதிகள் 2025-ஆம் ஆண்டில் பெருமளவில் வெட்டப்பட்டபோது, சில துறைகள் சேர்க்கையைச் சுருக்கின. சில ஒட்டுமொத்தமாக நிறுத்தியே வைத்தன. இவ்வளவும் தற்செயலால் ஆளப்படும் ஒரு தேர்வில் மாற்று வழி வைத்திருப்பதைத் தன்னம்பிக்கைக் குறைவின் அடையாளமாகக் கருதுவது, சில பேராசிரியர்களே இன்னும் விடாமல் பரப்பிவரும் ஒரு மூடநம்பிக்கை என்றுதான் சொல்ல வேண்டும்.

மாற்று வழியைத் தேர்வோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, முனைவர் பட்டத்துக்கு மிக அருகில் இருப்பது எது என்பது. அது தவறான கேள்வி. பட்டம் பெற்று ஐந்தாண்டுகள் கழித்து, சாதாரணமான ஒரு புதன்கிழமையில் காலை எட்டு மணி முதல் மாலை ஐந்து மணி வரை என்ன வேலை செய்துகொண்டிருக்க விரும்புகிறார் என்பதை மாணவர் தாளில் எழுதிப் பார்ப்பதே பயன்தருவது. ஆறு பேரைத் தனித்தனியே சந்தித்துச் சிகிச்சை அளிப்பதாக எழுதுகிறவர், ஒரு குழந்தைக்கு அறிவுத்திறன் சோதனை நடத்தி அறிக்கை தயாரிப்பதாக எழுதுகிறவர், தரவுகளைப் பகுத்தாய்ந்து கட்டுரை எழுதி மாலையில் வகுப்பெடுப்பதாக எழுதுகிறவர் ஆகிய மூவரும் ஒரே படிப்புக்கு விண்ணப்பித்திருந்தாலும், அவர்களுக்கு வேண்டிய மாற்று வழிகள் ஒன்றோடொன்று ஒட்டாதவை.

இம்மூன்று வேலைகளும் ஒரே பட்டத்துக்குள் வந்து சேர்ந்தது வரலாற்றின் விளைவு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மனநலப் பணியாளர் பற்றாக்குறையை எதிர்கொண்ட அமெரிக்கா, 1949-இல் கொலராடோ மாநிலத்தின் போல்டர் நகரில் கூட்டிய மாநாட்டில், மருத்துவ உளவியலாளர் அறிவியலாளராகவும் சிகிச்சையாளராகவும் ஒருசேரப் பயிற்றப்பட வேண்டும் என்று முடிவானது, பிஎச்.டி. படிப்பின் வடிவம் இன்றளவும் அதிலிருந்து பெரிதாக மாறவில்லை. ஆய்வில் நாட்டமில்லாமல் சிகிச்சையிலேயே நிலைகொள்ள விரும்புவோருக்காகச் சை.டி. என்னும் பட்டம் 1968-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்டது. அதே கொலராடோவின் வேல் நகரில் 1973-இல் கூடிய மாநாடு அதற்கு இசைவளித்தது. சிகிச்சை அளிப்பதற்கு முனைவர் பட்டம் தேவை என்ற எண்ணம் இவ்வாறு இரு பட்டங்களாலும் உறுதிப்பட்டிருந்த காலத்திலேயே, சமூகப்பணியாளர்களும் மனநல ஆலோசகர்களும் முதுகலைப் பட்டத்தோடு அதே சிகிச்சையை அளிக்கும் உரிமத்தை மாநிலம் மாநிலமாகப் பெற்றுக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே சிகிச்சையே நோக்கம் என்று எழுதியவர் முதலில் நோக்க வேண்டியது எம்.எஸ்.டபிள்யூ. எனப்படும் சமூகப்பணி முதுகலையை. இரண்டாண்டுப் படிப்பாகிய இதில் குறைந்தது 900 மணி நேரக் களப்பயிற்சி கட்டாயம்; பட்டம் பெற்றபின் மேற்பார்வையின் கீழ்ப் பணிபுரிந்து மணிக்கணக்கை நிறைவு செய்தால், தனித்துச் சிகிச்சையளிக்கும் உரிமம் கிடைக்கிறது. இந்த மணிக்கணக்கு மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடும். கலிபோர்னியாவில் அது 3,000 மணி, குறைந்தது 104 வாரங்கள். எனினும் உளவியல் மாணவர்களுள் ஒருசாரார் இப்படிப்பில் முதலாண்டில் சலிப்படைகிறார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை: நலத்திட்டக் கொள்கை, சமுதாய அமைப்பு, வறுமை பற்றிய பாடங்கள் பல வாரங்களை எடுத்துக்கொள்ள, களப்பயிற்சியோ வீடற்றோர் விடுதியிலோ, நோயாளி வீடு திரும்புவதற்கான ஏற்பாடுகளைக் கவனிக்கும் மருத்துவமனைப் பிரிவிலோ அமைந்துவிடலாம்; சிகிச்சை அறைக்குள் நுழைவது பெரும்பாலும் இரண்டாம் ஆண்டில்தான். அந்த முதலாண்டைத் தண்டனையாகக் கருதியவர்களைவிட, மின்கட்டணம் கட்டமுடியாத குடும்பத்தில் மனச்சோர்வு என்ன உருக்கொள்கிறது என்பதை அங்கே கற்றுக்கொண்டவர்களே பின்னாளில் தேர்ந்த சிகிச்சையாளர்களாக விளங்குவதைக் காணலாம்.

இதற்கு இணையான மற்றொரு வழி மனநல ஆலோசனை முதுகலை. அறுபது அலகுகளைக் கொண்ட இப்படிப்பு, அறிமுகப் பயிற்சிக்கு 100 மணியும் அதன்பின் பணிப்பயிற்சிக்கு 600 மணியும் ஒதுக்கி, தொடக்கத்திலிருந்தே சிகிச்சையை மையமாகக் கொண்டிருப்பதால் உளவியல் மாணவரின் மனத்துக்கு நெருக்கமாக இருக்கிறது. சிக்கல் உரிமத்தில் இருக்கிறது: டெக்சஸில் எல்.பி.சி., நியூயார்க்கில் எல்.எம்.எச்.சி., கலிபோர்னியாவில் எல்.பி.சி.சி. என்று பெயரும் நிபந்தனைகளும் மாறுவதால், மணமாகியோ வேலை மாறியோ வேறு மாநிலம் செல்பவர் தாள்வேலையில் பல மாதங்களை இழக்க நேர்கிறது. முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடாகிய மெடிகேர், சமூகப்பணியாளர்களின் சிகிச்சைக்கு நெடுங்காலமாகக் கட்டணம் வழங்கிவந்தபோதிலும், ஆலோசகர்களையும் குடும்ப நலச் சிகிச்சையாளர்களையும் 2024 ஜனவரி முதல் தேதியிலிருந்துதான் ஏற்றுக்கொண்டது. அதுவரை ஆலோசகரிடம் சிகிச்சை பெற்றுவந்தவர் 65 வயதை எட்டி மெடிகேருக்கு மாறியதும், தம் பழைய சிகிச்சையாளரைக் கைப்பணம் கொடுத்துப் பார்க்கவோ புதியவரிடம் முதலிலிருந்து தொடங்கவோ வேண்டியிருந்தது. இப்போதும் மெடிகேர் உளவியலாளருக்கு வழங்கும் தொகையில் 75 விழுக்காடே ஆலோசகருக்கும் சமூகப்பணியாளருக்கும் தரப்படுகிறது; ஒரே அறையில், ஒரே நேர அளவில் நடக்கும் வேலைக்கு இது நீதியா என்ற கேள்விக்கு விடை சொல்ல இக்கட்டுரை முயலவில்லை.

ஒரே அறை என்பது மிகைச்சொல் அன்று. சமுதாய மனநல நிலையம் ஒன்றில் புதிதாக வருவோரைப் பங்கிடும்போது, யாரிடம் எத்தனை மணிக்கு இடம் இருக்கிறது என்பதே பார்க்கப்படுகிறது. உளவியலாளரும் சமூகப்பணியாளரும் ஆலோசகரும் அதே பதற்றக் கோளாறுக்கு அதே அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையை அளித்து, கணினியில் அதே படிவத்தில் குறிப்பெழுதுகிறார்கள். வேறுபாடு வெளிப்படும் தருணம் ஒன்று உண்டு. ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் படிப்பில் பின்தங்குவது வாசிப்புக் குறைபாட்டாலா, கவனக்குறைவுக் கோளாறாலா, வீட்டில் நடக்கும் சண்டையாலா என்று பிரித்தறிய வேண்டிவரும்போது, வெக்ஸ்லர் அறிவுத்திறன் சோதனையின் பெட்டியைத் திறந்து, கட்டைகளை அடுக்கச் சொல்லி, நிறுத்துக்கடிகாரத்தோடு எதிரில் அமர்ந்து, கிடைத்த எண்களைப் பள்ளிப் பதிவுகளோடும் தாயின் சொல்லோடும் பொருத்திப் பத்துப் பக்க அறிக்கை எழுதும் பொறுப்பு உளவியலாளரின் மேசைக்கே செல்கிறது. இந்த வேலையின் மீது உண்மையான ஆசை இல்லாதவர், அதற்கான பட்டத்துக்காக ஆறாண்டுகளைச் செலவிடுவதன் நோக்கத்தைத் தமக்குத்தாமே விளக்கிக்கொள்ள வேண்டும்.

அந்த ஆசை உடையவருக்கு முதுகலை நிலையிலேயே இருக்கும் வழி பள்ளி உளவியல். எட்.எஸ். என்ற சிறப்புநிலைப் பட்டத்துக்கு இட்டுச்செல்லும் மூன்றாண்டுப் படிப்பின் இறுதியில் 1,200 மணி நேரப் பணிப்பயிற்சி முடித்தவர், மாநிலச் சான்றிதழ் பெற்று, அரசுப் பள்ளியில் சோதனைகளை நடத்தவும் சிறப்புக் கல்விக்குரிய குழந்தைகளை அடையாளங்காணவும் தகுதி பெறுகிறார். ஐந்நூறு மாணவருக்கு ஒருவர் வேண்டும் என்பது அத்துறையின் தேசியச் சங்கம் வகுத்துள்ள அளவு. நாட்டின் பெரும்பகுதி அந்த அளவை எட்டவில்லை என்பதால் வேலைக்கு அலைய வேண்டிய நிலை அரிது. மருத்துவ உளவியல் மாணவர்கள் இவ்வழியை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது வியப்பளிக்கிறது. மூளைக்காயமும் மறதிநோயும் உடைய முதியோரைச் சோதிக்கும் நரம்பு உளவியலில் நாட்டம் உள்ளவருக்கு மட்டும் இது பொருந்தாது. 1997-இல் ஹூஸ்டனில் கூடிய மாநாடு வகுத்த நெறிகளின்படி அத்துறைக்கு முனைவர் பட்டமும் அதற்குப் பிந்தைய ஈராண்டுப் பயிற்சியும் வேண்டியிருப்பதால், குறுக்குவழி ஏதும் இல்லை.

ஆய்வே வாழ்க்கை என்று எழுதியவரின் நிலை வேறு. அவருக்குப் பட்டம் இன்றியமையாதது என்பதால் அவருடைய மாற்று வழி, மீண்டும் விண்ணப்பிப்பதற்கான ஆயத்தமாகவே அமைய முடியும். அந்த ஆயத்தத்தின் மரபான வடிவம், இளங்கலை முடித்தபின் ஓர் ஆய்வகத்தில் ஈராண்டுகள் முழுநேர உதவியாளராகப் பணியாற்றுவது. மேரிலாந்து மாநிலத்தின் பெதஸ்டாவில் உள்ள என்.ஐ.எச். வளாகம் இவ்வாறான பட்டப்பின் பயிற்சியிடங்களை நெடுங்காலமாக அளித்துவந்திருக்கிறது. மருத்துவமனைகளும் பல்கலைக்கழகங்களும் ஆய்வு ஒருங்கிணைப்பாளர் என்ற பெயரில் அவற்றைவிட மிகுதியான இடங்களை வைத்திருக்கின்றன, எனினும் 2025-இன் நிதிவெட்டுக்குப் பின் இவ்விடங்களும் எளிதில் கிடைப்பவையாக இல்லை. கிடைத்த இடங்கள் எல்லாம் ஒன்றுபோல் பயன்தருபவையும் அல்ல. பங்கேற்பாளர்களைத் தொலைபேசியில் அழைப்பது, ஒப்புதல் படிவம் வாங்குவது, உமிழ்நீர் மாதிரிகளைக் குளிர்பெட்டியில் அடுக்குவது, வண்டி நிறுத்தச் சீட்டுக்குப் பணம் திருப்பித்தருவது ஆகியவற்றோடு ஈராண்டும் முடிந்துபோகிற இடங்கள் உண்டு. அவற்றில் உழைத்தவரின் விண்ணப்பத்தில் விடாமுயற்சி தெரியும், சிந்தனை தெரியாது. அதே அழைப்புகளையும் படிவங்களையும் செய்துகொண்டே, நோயறிதலுக்கான கட்டமைக்கப்பட்ட நேர்காணலை நடத்தப் பயிற்சி பெறவும், சேகரித்த தரவிலிருந்து சிறு கேள்வி ஒன்றைத் தாமே எழுப்பி மாநாட்டுச் சுவரொட்டியாக வைக்கவும் இடம்தரும் ஆய்வகங்களும் உண்டு. வேலைக்கான நேர்காணலின்போதே, முன்பு இருந்த உதவியாளர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், அவர்களுடைய பெயர் எந்தக் கட்டுரையில் வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டால் இரண்டு வகையையும் பிரித்தறிந்துவிடலாம். இக்கேள்வியால் முகம் சுளிக்கும் பேராசிரியரின் ஆய்வகத்தைத் தவிர்ப்பது நல்லது.

இங்கே பரவலாக உள்ள ஒரு தவறான எண்ணத்தையும் சுட்ட வேண்டும். ஆலோசனையிலோ சமூகப்பணியிலோ முதுகலை முடித்தால் அது பிஎச்.டி.க்கு ஏறும் படியாக அமையும் என்று நம்பி அவற்றில் சேர்வோர் பலர். பிஎச்.டி. துறைகள் ஆய்வனுபவத்தைத் தேடுகின்றன. தொழிற்பயிற்சி முதுகலையோ மாணவரின் நேரம் முழுவதையும் சிகிச்சைப் பயிற்சியில் செலவிடச் செய்கிறது. இரண்டாண்டுகளுக்குப் பின் அந்த மாணவர் கடனோடும், முன்பைவிட அதிகமாக வளராத ஆய்வுக் குறிப்போடும் மீண்டும் வரிசையில் நிற்பதைச் சேர்க்கைக் குழுக்கள் ஆண்டுதோறும் காண்கின்றன. இளங்கலை மதிப்பெண் தாழ்ந்திருக்கிறது என்பதே தடையானால், ஆய்வேடு எழுதும் உளவியல் முதுகலை பயன்தரும். அப்போதும் அதில் படித்த பாடங்களைப் பிஎச்.டி. துறை முழுமையாக ஏற்று ஓராண்டைக் குறைத்துவிடும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஆலோசனை முதுகலை அந்தப் பணிக்காகவே விரும்பித் தேர்வதற்குரியது.

எல்லா மாற்று வழிகளிலும் கவர்ச்சி மிகுந்தது, ஆகவே ஆபத்து மிகுந்தது, அதிக மாணவரைச் சேர்க்கும் தனியார் தொழிற்கல்லூரியின் சை.டி. படிப்பு. சை.டி. என்ற பட்டத்தையே இழித்துப் பேசும் வழக்கம் பிஎச்.டி. துறைகளில் உண்டு, அது நேர்மையற்றது. ரட்கர்ஸ், பேய்லர் போன்ற பல்கலைக்கழகங்களின் சை.டி. படிப்புகளில் நுழைவது எந்தப் பிஎச்.டி.க்கும் குறையாத கடினம். கேள்விக்குரியவை, நூறு பேர் அளவுக்கு ஒரே ஆண்டில் சேர்த்துக்கொண்டு, உதவித்தொகை இன்றி முழுக் கட்டணத்தையும் ஐந்தாண்டுகளுக்கு மாணவரிடமே வாங்குபவை. எட்டுப் பிஎச்.டி. துறைகள் மறுத்த மார்ச் மாதத்தில், முனைவர் என்ற சொல்லைத் தாங்கி வரும் ஏற்புக் கடிதத்தைக் கண்டதும் கையொப்பமிடுவது, ஊர்ப் பேருந்தைத் தவறவிட்டவர் பலகையைப் படிக்காமல் அடுத்து வந்த வண்டியில் ஏறுவதைப் போன்றது.

பலகையைப் படிப்பதற்கு வழி இருக்கிறது. அமெரிக்க உளவியல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்ற ஒவ்வொரு முனைவர் படிப்பும் தன் மாணவர்கள் பட்டம் முடிக்க எடுத்துக்கொண்ட ஆண்டுகள், ஆண்டுச் செலவு, உள்ளகப் பயிற்சி கிடைத்தோர், இடையில் விலகியோர், உரிமம் பெற்றோர் ஆகிய கணக்குகளை அட்டவணைகளாகப் பொதுவெளியில் வெளியிட வேண்டும் என்பது விதி. உள்ளகப் பயிற்சி என்பது பட்டத்துக்கு முந்தைய இறுதியாண்டில், கணினிவழிப் பொருத்தல் முறையில் நாடு முழுவதும் ஒதுக்கப்படும் ஓராண்டு முழுநேர மருத்துவப் பணி. அது முடியாமல் பட்டம் இல்லை. இவ்வட்டவணையில் கண் தங்க வேண்டிய வரி, பயிற்சி பெற்றோரின் மொத்த விழுக்காட்டோடு ஒப்பிட வேண்டியது: அங்கீகாரம் பெற்ற பயிற்சியைப் பெற்றவர் எத்தனை பேர். மொத்த விழுக்காடு நூற்றை நெருங்கியிருக்க, இந்த எண் அதைவிட வெகுவாகத் தாழ்ந்திருந்தால், எஞ்சியோர் அங்கீகாரமற்ற இடங்களில் ஓராண்டைக் கழித்திருக்கிறார்கள் என்று பொருள். நாட்டிலேயே மிகுதியான உளவியலாளர்களைப் பணியமர்த்தும் முன்னாள் படைவீரர் நலத்துறை, அங்கீகாரம் பெற்ற படிப்பும் அங்கீகாரம் பெற்ற உள்ளகப் பயிற்சியும் உடையவர்களையே ஏற்பதால், அந்த ஓராண்டின் நிழல் பணிவாழ்வு முழுவதும் தொடரக்கூடும். விலகியோர் எண்ணிக்கையையும் சேர்த்துப் படித்தால்தான், தொடங்கிய பத்துப் பேரில் எத்தனை பேர் உளவியலாளராக வெளிவருகிறார்கள் என்பது தெரியும்.

செலவுக் கணக்கும் அண்மையில் மாறியிருக்கிறது. பட்டமேற்படிப்பு மாணவர் படிப்பின் முழுச் செலவு வரை கூட்டாட்சி அரசிடம் கடன் பெற வழிசெய்திருந்த கிராட் பிளஸ் திட்டம், 2025-இல் இயற்றப்பட்ட சட்டத்தால், 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு இல்லாமலாகிறது. எஞ்சிய கூட்டாட்சிக் கடன்களுக்கும் உச்சவரம்பு உண்டு. வரம்புக்கு மேற்பட்ட தொகைக்குத் தனியார் வங்கியை நாடுவோர், பொதுநலப் பணியில் பத்தாண்டுகள் தவணை கட்டியபின் எஞ்சிய கடனைத் தள்ளுபடி செய்யும் கூட்டாட்சிச் சலுகையை அத்தொகைக்குப் பெற முடியாது. பத்தாண்டுகளுக்கு முன் கடன்பட்டுப் படித்த மூத்தோர் சொல்லும் கணக்கு இன்றைய மாணவருக்கு வழிகாட்டியாக இல்லாமல் போனது இதனால்தான்.

இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் செல்லும் மாணவர்கள் இக்கணக்கைத் தனியே போட்டுப் பார்க்க வேண்டும். என்.ஐ.எச். முனைவர் மாணவர்களுக்கு வழங்கும் தேசியப் பயிற்சி நல்கைகள் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் உரியவை; பெதஸ்டாவின் பட்டப்பின் பயிற்சியிடங்களும் அவ்வாறே. படைவீரர் நலத்துறையின் உள்ளகப் பயிற்சி இடங்கள் குடியுரிமையைக் கோருகின்றன. அத்துறை மிகப்பெரிய பயிற்சியளிப்பவராக இருப்பதால், பொருத்தல் முறையில் அயல்நாட்டு மாணவருக்கு முன் உள்ள பட்டியல் தொடக்கத்திலேயே சுருங்கிவிடுகிறது. மாணவர் விசாவில் இருப்பவர் பட்டம் முடித்தபின் துறைசார் பணிபுரிய ஓராண்டே பொதுவாக அனுமதி. மேற்பார்வைப் பணியோ கலிபோர்னியாவில் 3,000 மணி. சமூகப்பணியையோ ஆலோசனையையோ மாற்றாகத் தேர்வோர் இவ்விரண்டு கால அளவுகளும் ஒன்றோடொன்று பொருந்தாதவை என்பதைச் சேர்வதற்கு முன்பே அறிந்திருக்க வேண்டும். ஊர் திரும்பும் எண்ணம் உள்ள இந்திய மாணவருக்கு மற்றொரு தடை: மருத்துவ உளவியலாளர் என்ற நிலை இந்தியாவில் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த மறுவாழ்வு மன்றத்தின் பதிவோடு பிணைந்திருப்பதால், அமெரிக்க ஆலோசனை முதுகலை மட்டும் அப்பெயரைத் தந்துவிடாது. சென்னையிலோ பெங்களூரிலோ மன்றம் ஏற்ற படிப்பு ஒன்றுக்கு அதே ஆண்டில் விண்ணப்பித்து வைப்பது, இவர்களைப் பொறுத்தவரை பிற மாற்றுகள் எதையும்விட உறுதியானதாக இருக்கலாம்.

தேர்வை எப்போது செய்வது என்பதற்கு நாட்காட்டியே விடை. பரிந்துரைக் கடிதம் எழுதும் மூவரிடமும் செப்டம்பரிலேயே இரு வழிகளையும் சொல்லிவிட்டால், ஆய்வுத்திறனைப் பற்றி ஒன்றும், பிறரோடு பழகும் பக்குவத்தைப் பற்றி மற்றொன்றுமாகக் கடிதத்தின் அழுத்தத்தை அவர்கள் மாற்றியெழுத முடியும். பிப்ரவரியில் பதறிக் கேட்பவருக்குக் கிடைப்பது, பேராசிரியரின் பெயர் மட்டும் மாற்றப்பட்ட பழைய கடிதம். அதை வாசிக்கும் சமூகப்பணித் துறையினர், தாங்கள் இரண்டாம் தேர்வு என்பதை முதல் பத்தியிலேயே கண்டுகொள்கிறார்கள். பள்ளி உளவியல், சமூகப்பணி, ஆலோசனைப் படிப்புகளின் கெடுக்கள் பெரும்பாலும் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடிவதால், முனைவர் நேர்காணல்களின் முடிவுக்காகக் காத்திருந்து பின் விண்ணப்பிப்பது நடக்காத காரியம். ஆய்வு உதவியாளர் பணிகள் மட்டும் வசந்தகாலத்தில் அறிவிக்கப்படுகின்றன என்பதால், மறுமுயற்சியை மாற்றாகக் கொண்டவருக்குச் சற்று அவகாசம் உண்டு.

மறுமுயற்சிக்கும் ஒரு நிபந்தனை வேண்டும். எங்கிருந்தும் நேர்காணல் அழைப்பே வராதவரும், மூன்று இடங்களில் நேர்காணல் முடித்துக் காத்திருப்போர் பட்டியலில் நின்றவரும் வெவ்வேறு நிலையில் இருப்பவர்கள். பின்னவர் பேராசிரியர் பட்டியலை விரிவாக்கி அடுத்த டிசம்பரிலேயே மீண்டும் அனுப்பலாம், முன்னவர் விண்ணப்பத்தில் ஒரு கட்டுரையோ ஆய்வேடோ புதிதாகச் சேராதவரை அனுப்புவது கட்டண விரயம். விண்ணப்பம் பெற்ற பேராசிரியர்களுள் எவரேனும் காரணம் சொல்ல முன்வந்தால், அது இரண்டு வரியாக இருந்தாலும் பொறுமையோடு கேட்டுக்கொள்வது நல்லது, பெரும்பாலோர் சொல்வதில்லை.

நிதியுதவியோடு கூடிய முனைவர் இடங்களை ஏற்க மாணவருக்கு ஏப்ரல் 15 வரை அவகாசம் தரப்பட வேண்டும் என்ற பொது உடன்பாட்டைப் பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏற்றுள்ளன. இதனால் பிற இடங்களில் தேர்வானவர்கள் விட்டுச்செல்லும் இடங்கள் அந்தத் தேதிக்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் மளமளவென்று நகர்கின்றன. பேராசிரியர் ஒருவர் பதினான்காம் தேதி மாலையில் தொலைபேசியில் அழைத்து, ஒரு மணி நேரத்தில் முடிவைக் கேட்பதும் உண்டு. நிதியுதவி இல்லாத முதுகலைப் படிப்புகளை இந்த உடன்பாடு கட்டுப்படுத்தாது. அவற்றின் முன்பணம் மார்ச் மாதத்திலேயே கட்ட வேண்டியிருக்கலாம், திரும்பியும் வராது. காத்திருப்போர் பட்டியலில் உள்ளவர் முதுகலைத் துறையின் அலுவலகத்துக்கு எழுதி, ஏப்ரல் 15 வரை முன்பணத்துக்கு அவகாசம் கேட்டால் பல துறைகள் தருகின்றன. தராத இடத்தில், அந்த முன்பணத்தை இழக்கத் துணிந்து கட்டிவைப்பது, செப்டம்பரில் தேர்ந்த வழியை ஏப்ரலில் கைநழுவ விடுவதைவிடச் செலவு குறைவானது.